பழைய லேப்டாப், போய்ப் போய் வரும் கரண்ட்: புரோகிராம் எழுத எது போதும்?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப், பேட்டரி செத்துப்போச்சு. குபுண்டு லினக்ஸ் போட்டிருக்கேன். சி, பைத்தான் எழுத இலவசமா எதை வைக்கலாம்? மழை வந்தா கரண்ட் போய்ப் போய் வருது, எழுதினது போயிடுது."

தம்பி, பெரிதாக எதையும் இறக்கி டேட்டாவைக் காலி பண்ணாதீர்கள். குபுண்டுவின் திரை முகப்பைச் செய்யும் கேடிஇ குழுவினரின் கேட் எடிட்டர் குபுண்டுவோடு பெரும்பாலும் கூடவே வந்திருக்கும், இல்லையென்றால் டிஸ்கவர் என்ற மென்பொருள் கடையில் தேடிப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் நிலைமைக்கு இதை நான் சொல்ல முதல் காரணமே கரண்ட்தான். கேட் நீங்கள் அடிப்பதை அதே ஃபோல்டரில் ஒரு மறைவான ஸ்வாப் கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும், இயல்பாக 15 விநாடிக்கு ஒருமுறை அது வட்டில் பதிவாகும். கரண்ட் வந்ததும் அதே கோப்பைத் திறந்தால், சரியாக மூடப்படவில்லை, மீட்கட்டுமா என்று கேட்கும். ஆம் என்றால் போதும். ஒன்று, பெயர் கொடுத்து ஒருமுறை சேமித்த கோப்புக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. பெயரில்லாத புதுக் கோப்பில் நூறு வரி அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

அப்புறம், பிழையை அடிக்கோடிட்டுக் காட்டுவது, பெயரை நிரப்பித் தருவது எல்லாம் வேண்டுமென்றால் அமைப்புகளில் செருகுநிரல்கள் பகுதிக்குப் போய் எல்எஸ்பி கிளையன்ட்டை டிக் செய்யுங்கள். அது மட்டும் போதாது, நிறையப் பேர் இங்கேதான் "வேலை செய்யலையே" என்று நிற்கிறார்கள்: பிழையைக் கண்டுபிடித்துக் கேட்டுக்குச் சொல்வது சர்வர் எனப்படும் தனி நிரல், சி-க்கு கிளாங்டி, பைத்தானுக்கு பைஎல்எஸ்பி, இரண்டையும் தனியாக நிறுவ வேண்டும். முதல்முறை சர்வரைத் தொடங்கட்டுமா என்று கேட் கேட்டால் அனுமதி கொடுத்துவிடுங்கள். எஃப்4 தட்டினால் கீழேயே டெர்மினல் வந்துவிடும், கம்பைல் செய்ய வேறு சன்னல் வேண்டாம்.

கோடில் செய்யும் மாற்றங்களைப் படிப்படியாகப் பதிந்து வைக்கும் கிட் கட்டாயம். அதற்கு இணையம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கமிட், அதாவது மாற்றத்தைப் பதிவது, எல்லாம் உங்கள் வட்டிலேயே நடப்பது, சிக்னல் இல்லாத நாளிலும் நடக்கும். பென்டிரைவில் ஒரு 'பேர்' (bare) ரெப்போ, அதாவது கிட்டின் பதிவுகள் மட்டும் இருக்கும் ஃபோல்டர், போட்டு தினமும் அதற்குப் புஷ் செய்து நகல் வையுங்கள். ஸ்வாப் கோப்பை நம்பி இதை விட்டுவிட வேண்டாம், வட்டே போய்விட்டால் அதுவும் சேர்ந்துதான் போகும்.

சி-யில் மாலாக் போட்டு நினைவகம் வாங்கி, ஃப்ரீ செய்து திருப்பிக் கொடுக்க மறந்த இடத்தைக் கண்ணால் தேடாதீர்கள். ஜிசிசி கம்பைலருக்கு மைனஸ் ஜி (-g) கொடுத்துக் கம்பைல் செய்து, வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவியில் --leak-check=full கொடுத்து ஓட்டினால் வரி எண்ணோடு சொல்லிவிடும். 10 முதல் 30 மடங்கு வரை மெதுவாக ஓடும், தொங்கிவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். எந்த ஃபங்ஷன் நேரத்தைத் தின்கிறது என்று பார்க்க அதிலேயே கால்கிரைண்ட் இருக்கிறது, அதன் முடிவைக் கேகேஷ்கிரைண்ட் என்ற தனி மென்பொருளில் திறந்தால் படமாகவே தெரியும்.

எடிட்டர், கம்பைல், பிழை தேடல் எல்லாம் ஒன்றாக உள்ள கேடெவலப் நல்ல மென்பொருள்தான், ஆனால் பிரவுசரும் திறந்திருக்கும்போது 4 ஜிபி-யில் திணறும். ரேம் கூட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.