'தங்கலை' என்ற ஒரு சொல்

கேள்வி: நாற்பது வயதில் முதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக் கதைதான். ஊர் உசிலம்பட்டிப் பக்கம். எனக்கும் தம்பிக்கும் நடுவில் 1987, 88இல் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்து 'தங்கலை' என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் அத்தை வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த இரண்டு பேரையும் கொன்றது அப்பத்தா. இதைக் கடைசி அத்தியாயத்தில் உடைப்பதாக இருக்கிறேன். அப்பத்தா இன்னும் இருக்கிறார். சித்தப்பா, 'குடும்ப மானத்தை விற்காதே' என்கிறார். எழுதலாமா? கதைச்சுருக்கம் இணைத்திருக்கிறேன்.
- பெயர் வேண்டாம், மதுரை மாவட்டம்

பதில்: எழுதுங்கள். ஆனால் அந்தக் கடைசி அத்தியாயத்தை எடுத்து முதலில் வையுங்கள்.

யாருக்கு இது ரகசியம் என்று யோசித்துப் பாருங்கள். பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்குத் தெரியும், குழி வெட்டியவருக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது. இருபதாம் பக்கத்தில் 'தங்கலை' என்று எழுதினால் தமிழ் வாசகர் அங்கேயே புரிந்துகொள்வார். அப்புறம் முந்நூறு பக்கம் அவர் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை ஒரு வீடு முப்பத்தைந்து வருஷம் எப்படிப் பேசாமல் இருந்தது என்பதில்தான் எனக்கு ஆர்வம். மறுநாள் காலையில் அந்த வீட்டில் யார் அடுப்பு மூட்டியது?

இன்னொன்று. உங்கள் கடிதத்திலும் சுருக்கத்திலும் அப்பத்தா பக்கத்துக்குப் பக்கம் வருகிறார். அம்மா இரண்டே இடத்தில் வருகிறார், இரண்டிலும் சமைத்துக்கொண்டிருக்கிறார். ரெண்டு தடவை பால் கட்டி, அதைப் பீய்ச்சி விட்டவர் அவர். அவரை அடுப்படியிலேயே நிறுத்திவிட்டு அப்பத்தாவைக் கள்ளிப்பாலும் கையுமாகக் காட்டினால், எண்பதுகளின் நடுவில் உசிலம்பட்டியைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதத் தொடங்கிய காலத்திலிருந்து எல்லாரும் பார்த்துச் சலித்த கிழவிதான் கிடைப்பாள். உங்கள் அப்பா அன்றைக்கு எங்கே போயிருந்தார்? சுருக்கத்தில் அவர் பெயரே இல்லை. பழியை மாமியாரோடு முடித்துக்கொள்வது ஆண்களுக்கு ரொம்ப வசதி.

நீங்கள் பிழைத்ததற்கும் காரணம் உண்டு. முதல் பெண்ணைப் பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். ரெண்டாவது, மூன்றாவதுக்குத்தான் ஆபத்து. இதை எழுத உங்களுக்குக் கை நடுங்கும். அந்தப் பக்கங்கள்தான் நன்றாக வரும் என்று நினைக்கிறேன்.

உண்மை வெளிப்பட அத்தையின் வாய் தவறுதலைவிட நல்ல வழி இருக்கிறது. தம்பி வயிற்றில் இருந்தபோது கிராம செவிலியர் அம்மாவுக்கு எழுதிய அட்டை எங்காவது டிரங்குப் பெட்டியில் கிடக்கலாம். எத்தனையாவது கர்ப்பம், உயிரோடு எத்தனை குழந்தைகள் என்று அதில் தனித்தனியாகக் கேட்டிருப்பார்கள். ஒன்றில் நாலு, இன்னொன்றில் ஒன்று. மகள் அந்த இரண்டு கட்டத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள். வசனமே வேண்டாம்.

சுருக்கத்தில் சில பிழைகள். 1988இல் ஒரு குழந்தையை அரசுத் தொட்டிலில் போடுகிறார்கள்; தொட்டில் குழந்தைத் திட்டமே 1992இல்தான் வந்தது, அதுவும் சேலத்தில். அந்தப் பக்கத்துக் கணக்கு இன்னும் மோசம்: 2001 சென்சஸில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு 851 பெண் பிள்ளைகள்தான்; மாநிலத்துக்கு 942. எல்லாவற்றையும் உசிலம்பட்டித் தலையில் கட்டாதீர்கள்.

சொத்து வழக்கும் உதைக்கிறது. 1987இல் கல்யாணமான அத்தைக்கு 1991இல் கோர்ட் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தருகிறது என்று வைத்திருக்கிறீர்கள். தராது. மகளுக்குப் பிறப்புரிமை கொடுத்த தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் 2005 மத்தியத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதைப் பிழையாக மட்டும் பார்க்காதீர்கள். 1989 தை மாதம் தாலி கட்டிய அக்காவுக்கு இல்லை, வைகாசியில் கட்டிய தங்கைக்கு உண்டு. அவசரம் அவசரமாகத் தையில் நாள் குறித்தது யார், எதற்காக? எனக்கு இந்த இடம் கிடைத்திருந்தால் தனி நாவலே எழுதியிருப்பேன்.

சித்தப்பாவின் மானத்தைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. சட்டம் வேறு விஷயம். கொலைக் குற்றத்துக்குக் காலவரம்பு கிடையாது, அப்பத்தாவோ உயிரோடு இருக்கிறார். அட்டையில் 'உண்மைக் கதை' என்று போடாதீர்கள், பேட்டியிலும் சொல்லாதீர்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் மாறட்டும். அச்சுக்குப் போகும் முன் ஒரு வழக்கறிஞர் படித்துவிடட்டும்.

என்னோடு ஐந்தாம் வகுப்பில் போதும்பொண்ணு என்று ஒருத்தி படித்தாள். வாத்தியார் பெயரை வாசித்ததும் வகுப்பே சிரிக்கும், அவளும் சிரித்துக்கொண்டே 'உள்ளேன் ஐயா' என்பாள். நானும் சிரித்தவன்தான். உங்கள் சுருக்கத்தைப் படித்தபோது அந்தக் குரல்தான் ஞாபகம் வந்தது.

அப்பத்தாவிடம் கேட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் போவீர்கள் என்று தெரிகிறது. அதற்கு முன் அம்மாவிடம் உட்காருங்கள். 'ஏன் விட்டீங்க' என்று ஆரம்பிக்க வேண்டாம். அந்த இரண்டு பேரும் யார் ஜாடை என்று கேளுங்கள். போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டுப் போங்கள்.