பத்து ஷேரா, பத்து ஸ்டாக்கா?

கேள்வி: பங்குச் சந்தைக்கு நான் புதிது. ஒரே நிறுவனத்தின் பத்து பங்குகளை வாங்கிவிட்டு, "பத்து ஸ்டாக் வைத்திருக்கிறேன்" என்றேன். "உன்னிடம் இருப்பது ஒரே ஸ்டாக்தான்" என்கிறார் நண்பர். ஷேரும் ஸ்டாக்கும் ஒன்றுதானே?

பதில்: நண்பர் சொன்னதுதான் சரி. பொதுப்பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். ஆனால் முன்னால் ஓர் எண் வந்துவிட்டால் பொருள் பிரிந்துவிடும். பத்து ஷேர் என்றால் பத்து பங்குகள். பத்து ஸ்டாக் என்றால் பத்து வெவ்வேறு நிறுவனங்களின் பங்குகள். "எத்தனை ஸ்டாக்கில் போட்டிருக்கிறீர்கள்?" என்று ஆலோசகர் கேட்பது, உங்கள் பணம் எத்தனை நிறுவனங்களில் பிரிந்திருக்கிறது என்று பார்க்கத்தான். நீங்கள் பத்து என்று சொன்னால், மொத்தப் பணமும் ஒரே இடத்தில் மாட்டியிருப்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும். அதனால்தான் இதைச் சின்ன விஷயம் என்று என்னால் விட முடியவில்லை.

ஷேர் என்ற சொல்லின் வேரில் வெட்டுதல், பிரித்தல் என்ற பொருள் இருக்கிறது. நம் 'பங்கு' போலத்தான். ஸ்டாக் என்பதோ அடிமரம், கட்டை. இடைக்கால இங்கிலாந்தில் கடன் தொகையை ஒரு குச்சியில் வெட்டுத்தடங்களாகக் குறித்து, அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். நீளமான துண்டு கடன் கொடுத்தவரிடம் இருக்கும். அதற்குப் பெயர் ஸ்டாக்! கையில் ஸ்டாக் இருந்தால், வரவேண்டிய பணம் இருக்கிறது என்று அர்த்தம். வழக்கொழிந்த அந்தக் குச்சிகளை 1834இல் லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் உலைகளில் போட்டு எரித்தபோது, கட்டடத்தின் பெரும்பகுதியே தீப்பிடித்து அழிந்தது.

அப்புறம், நிறுவனங்களின் ஆண்டறிக்கையைப் படிக்கும்போது கொஞ்சம் கவனமாக இருங்கள். அங்கே சொத்துப் பட்டியலில் வரும் ஸ்டாக், கையிருப்புச் சரக்கு. "ஸ்டாக் கூடியிருக்கிறது" என்று பார்த்ததும் பங்கு விலை ஏறிவிட்டதாகப் புதியவர்கள் மகிழ்ந்துபோவதுண்டு. விற்காத சரக்கு கிடங்கில் தேங்கியிருப்பதாகவும் இருக்கலாம். விற்பனையும் சேர்ந்து கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டாக் ஸ்பிளிட் என்ற அறிவிப்பும் ஒருநாள் உங்களுக்கு வரலாம். பெயரில் ஸ்டாக் இருந்தாலும் பிளக்கப்படுவது ஷேர்தான். ஒன்றை ஐந்தாகப் பிரித்தால் உங்கள் பத்து ஷேர் ஐம்பதாகும், ஒவ்வொன்றின் விலையும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாக இறங்கும். ஸ்டாக் அப்போதும் ஒன்றுதான்.