இரண்டாயிரம் ரூபாய் மிச்சம்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

நீங்கள் சென்னையிலிருந்து திருச்சிக்குக் குடிபெயர்ந்தவர் என்பதை உங்கள் கட்டுரைகளின் வழியாக அறிவேன். அதே முடிவை எடுக்கவேண்டிய நிலையில் இப்போது நானும் இருக்கிறேன். எனக்கு வயது 36. பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை, குரோம்பேட்டையில் வாடகை வீடு. சொந்த ஊர் திருச்சி உறையூர். அங்கே எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை செய்ய நிறுவனம் சம்மதித்துவிட்டது. சம்பளத்தில் 8,000 குறையும்.

இரண்டு ஊர்ச் செலவையும் எக்செல்லில் 19 வரிகளாகப் போட்டுப் பார்த்தேன். பெட்ரோல், காய்கறி எல்லாம் பெரிதாக மாறவில்லை. மிச்சமாவது இவைதான்: வாடகை 22,000, குடியிருப்புப் பராமரிப்பு 2,500, தண்ணீர் 2,500, மகளுக்கு மாலை நேரக் காப்பகம் 6,000, பள்ளி வேன் 3,000, என் போக்குவரத்து 5,000. ஆக மாதம் 41,000. இழப்பு, என் 8,000. மனைவி தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன், அவள் சம்பளம் 31,000. இரண்டும் சேர்ந்து 39,000. மாதம் 2,000 ரூபாய் லாபம். அதோடு காவிரித் தண்ணீர், பெற்றோர் பக்கத்தில், மகளுக்குப் பாட்டி. மத்திய அரசின் வாழத் தகுந்த நகரங்கள் பட்டியலில்கூட 2018-இல் திருச்சி சென்னைக்கு மேலே இருந்தது. மனைவிதான் தயங்குகிறாள். உங்கள் அனுபவத்திலிருந்து அவளுக்கு இரண்டு வார்த்தை சொல்வீர்களா?

வி., குரோம்பேட்டை

*

அன்புள்ள வி.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நல்ல மகனாகவும் நல்ல தகப்பனாகவும் இருந்துகொண்டு இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பட்டியலை முதலில் தள்ளிவைத்துவிடுவோம். 2018-இல் திருச்சி 12-ஆவது, சென்னை 14-ஆவது இடம். 2020-ஆம் ஆண்டுக்கான அடுத்த பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களின் வரிசையில், சென்னை நான்காவது இடத்தில் இருந்தது. அந்த இரண்டு பட்டியல்களுக்கும் நடுவில்தான் 2019 கோடை வந்தது. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்தக் கோடையை நங்கநல்லூரில் கழித்தவள் நான். இரவு இரண்டு மணிக்குத் தெருமுனையில் லாரி பின்வாங்கும் ஒலி கேட்டதும் எழுந்து ஓடுவேன். அரிசி களைந்த நீரைப் பாத்திரம் துலக்க, பாத்திரம் துலக்கிய நீரைக் கழிவறைக்கு என்று ஒரே தண்ணீரை மூன்று முறை புழங்கினோம். காலையில் அலுவலகத்தில் கண்ணெரிச்சலோடு உட்கார்ந்திருப்பேன். அந்தத் தூக்கத்துக்கு எந்தக் குறியீட்டிலும் மதிப்பெண் கிடையாது.

அந்த ஆண்டு செப்டம்பரில் கணவருக்குத் திருச்சிக்கு மாற்றலானது. ஸ்ரீரங்கத்தில் மாடி வீடு. முதல் நாள் காலை ஆறு மணிக்குக் குழாயைத் திறந்தபோது வந்த நீரை நிறுத்த மனம் வராமல் கையில் வாங்கிக்கொண்டே நின்றேன். நீங்கள் எழுதிய காவிரித் தண்ணீர் உண்மைதான். அதற்காக இந்த ஊருக்கு நான் என்றும் நன்றியோடு இருப்பேன்.

அதே நாள் ஒன்பதே காலுக்கு, தலை வாரி முடித்துவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த கைப்பையை எடுத்தேன். எங்கே போவது? எழும்பூரில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் 14 ஆண்டுகள் வேலை பார்த்த பழக்கம் கையை நீட்டவைத்தது. உள்பையில் பழவந்தாங்கல்–எழும்பூர் சீசன் டிக்கெட், தேதி முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. பையைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, ஏற்கெனவே கழுவியிருந்த டம்ளர்களை மறுபடி கழுவினேன். உங்கள் மனைவியின் தயக்கம் எனக்குத் தெரிந்த தயக்கம். அதைப் போக்கும் வார்த்தை என்னிடம் இல்லை, வி. உங்களிடம் பேசத்தான் இருக்கிறது.

உங்கள் 19 வரிகளில் பாதிக்கு மேல் தேவையே இல்லை. மின்கட்டணம் மாநிலம் முழுக்க ஒன்றுதான், இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் உட்பட. ஆவின் பால், எரிவாயு, மருந்து, செல்பேசி ரீசார்ஜ் எல்லாம் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே விலை. ஊருக்கு ஊர் உண்மையில் மாறுவது இரண்டு: மண்ணின் விலை, மனித உழைப்பின் விலை. மண்ணின் விலையை வாடகையில் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். உழைப்பில்தான் கணக்கு சறுக்குகிறது.

காப்பகத்துக்குக் கொடுக்கும் 6,000 திருச்சியில் மிச்சம் என்கிறீர்கள். ஏழோ எட்டோ வயதுப் பெண் குழந்தையை மாலை நாலு மணி முதல் பார்த்துக்கொள்ளும் வேலை உறையூரில் இல்லாமல் போய்விடுமா? உங்கள் அம்மா செய்வார், அவரால் முடியாத நாளில் உங்கள் மனைவி செய்வார். அந்த வேலை, சம்பளம் கேட்காத கைகளுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். நாளை உங்கள் அப்பாவுக்கு மூட்டு அறுவைசிகிச்சை என்றால் ஆஸ்பத்திரியில் இரவு தங்குவது யார், நீங்கள் மடிக்கணினியோடு கூட்டத்தில் இருக்கும்போது? அந்த வரியும் உங்கள் தாளில் இல்லை.

இனி அந்த 31,000. பழைய தொழில் பழக்கத்தில் சொல்கிறேன், கையில் வருவதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். வருங்கால வைப்பு நிதி பிடிக்கும் இடம் என்றால், அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் நிறுவனத்தின் பங்காகத் தனியே சேரும். ஐந்து ஆண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. ஆண்டுக்காண்டு ஊதிய உயர்வு வேறு. நீங்களும் பழைய வருமான வரி முறையில் இருப்பவர் என்றால், சொந்த வீட்டுக்குப் போய் வாடகை கட்டாதபோது உங்கள் வீட்டு வாடகைப் படி முழுவதும் வரிக்குள் வந்துவிடும். இவற்றைச் சேர்த்து மறுபடி கூட்டிப் பாருங்கள், அந்த 2,000 ரூபாய் லாபம் நிற்காது என்றே நினைக்கிறேன்.

நின்றாலும் என் கேள்வி மாறாது. வீட்டு வாடகை என்ற ஒரு செலவை ஒழிக்க, ஒரு மனுஷியின் தொழிலை ஈடு வைத்திருக்கிறீர்கள். உங்கள் சம்பளத்தில் 8,000 குறைகிறது, வேலை அப்படியே இருக்கிறது. அவருக்கு வேலையே இல்லாமல் போகிறது. ஒரே குடும்பத்தின் கணக்கு என்று கூட்டிக் கழித்துவிட்டால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

சென்னையின் பெரிய செல்வம் என்று நான் நினைப்பது, ஒரு வேலை போனால் வீடு மாறாமலே இன்னொன்று தேடலாம் என்பது. தாம்பரத்தில் சரிப்படாவிட்டால் பல்லாவரம், அதுவும் இல்லையென்றால் மின்சார ரயிலில் இன்னும் நாலு ஸ்டேஷன். மாதச் சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்தான். பெண்கள் தங்கள் காலில் நிற்க அந்த ரயில் செய்த உதவி கொஞ்சமல்ல. திருச்சியில் எனக்கு வேலை கிடைக்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று, சம்பளம் பழையதில் பாதி. 2022 இறுதியில், ஸ்ரீரங்கத்தை நகரோடு இணைக்கும் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள். அந்தச் சில மாதங்கள் சுற்றுவழியில் போய்த் திரும்புவதற்குள் பாதி உயிர் போய்விடும். இன்னொன்று, 2021 முதல் பெண்களுக்கு இலவசப் பயணம் அரசு நகரப் பேருந்துகளில் மட்டும்தான். சென்னையில் இருப்பவர்களுக்கு இது தோன்றாது. இங்கே முதலில் வந்து நிற்பது பல நேரம் தனியார் பஸ், அதில் டிக்கெட் எடுத்தே ஆகவேண்டும். சின்ன விஷயம், ஆனால் உங்கள் தாளில் போக்குவரத்துக்குப் பூஜ்யம் என்றிருப்பது அவருக்குப் பொருந்தாது.

இதனால் திருச்சிக்கு வராதீர்கள் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் இந்த ஊரிலேயே இருக்கப்போகிறவள். முதிய பெற்றோரின் பக்கத்தில் இருக்கவேண்டும் என்ற உங்கள் ஆசை எந்தக் கணக்கையும்விடப் பெரியது. அதைச் சொல்லியே மனைவியிடம் கேளுங்கள். 2,000 ரூபாயைக் காரணமாகக் காட்டும்போது, மறுக்க முடியாதபடி அவரை ஓர் எண்ணால் கட்டிப்போடுகிறீர்கள். "எனக்கு அப்பா அம்மாவோடு இருக்கவேண்டும்போல் இருக்கிறது" என்றால் அவரும் தன் மனதில் இருப்பதைச் சொல்வார்.

அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். தில்லைநகரின் குறுக்குத் தெருக்களில் நடந்து பார்த்தால் தெரியும், கிளினிக்கும் பரிசோதனை நிலையமும் வரிசையாக இருக்கும் இடம் அது. உறையூரிலிருந்து நடந்துபோகிற தூரம். பெட்ரோல் விலையை ஒப்பிட்ட நீங்கள் அங்கே ஓர் இடத்திலாவது டெக்னீஷியன் வேலை பற்றி விசாரித்தீர்களா? கடிதத்தில் இல்லை. கோடை விடுமுறையில் மூன்று பேரும் ஒரு மாதம் உறையூரில் வந்து தங்குங்கள். மே மாத வெயிலும் தெரியட்டும். மனைவியே நாலு இடம் ஏறி இறங்கிப் பேசட்டும், நீங்கள் அந்த நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை கைக்கு வந்தபிறகு குரோம்பேட்டை வீட்டைக் காலி செய்தால் போதும்.

என்னிடமிருந்து அவருக்கு இரண்டு வார்த்தை கேட்டீர்கள். அவர் என்ன நினைக்கிறார் என்பதை உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு சொல்லில்தான் பார்த்தேன், தயங்குகிறாள் என்று. அடுத்த கடிதத்தை அவர் எழுதட்டும். பதில் எழுதக் காத்திருக்கிறேன்.

அன்புடன்.