மேகத்தில் பனிக்கட்டி உருவாக்கும் துகள்களை எப்படி அளக்கிறார்கள்?

மேகத்தில் பனிக்கட்டி உருவாகத் தூசி காரணம் என்கிறார்களே, அதை எப்படி அளக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆராய்ச்சிக்குச் சேரப் போகிறவர் என்று நினைத்துச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஒரு ஆய்வகத்தில் மூன்று வருடம் இதே வேலைதான் பார்த்தேன்.

மேகத்துளி அளவுள்ள சுத்தமான நீர் பூஜ்ஜியத்தில் உறையாது, மைனஸ் 38 டிகிரி பக்கம் வரை தண்ணீராகவே இருக்கும். அதற்கு முன்பே உறைந்தால் உள்ளே ஏதோ துகள் இருக்கிறது. பாலைவனத் தூசியில் உள்ள பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் என்ற தாது மைனஸ் 15 வாக்கில் உறைய வைக்கும், சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவுக்கு மைனஸ் 2 போதும். ஆனால் காற்றில் மிதக்கும் பத்து லட்சம் துகள்களில் ஏதோ ஒன்றுக்குத்தான் இந்தத் திறமை.

அளக்கும் முறை இதுதான்: ஃபில்டர் வழியாகப் பல மணி நேரம் காற்றை இழுத்து, ஃபில்டரைத் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரை ஒரு மைக்ரோலிட்டர் துளிகளாகக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி குளிரவைத்து, எந்தத் துளி எப்போது உறைந்தது என்று கேமராவில் பார்க்க வேண்டும். உறைந்த துளிகளின் விகிதத்திலிருந்து துகள் எண்ணிக்கை வரும், 1971-ல் காபோர் வாலி என்ற மேக ஆய்வாளர் கொடுத்த கணக்கு. குளிர் அறைக்குள் காற்றை நேரடியாக ஓட்டி அளக்கும் கருவிகளும் உண்டு, அதை விட்டுவிட்டாய் என்று யாரும் வர வேண்டாம், நான் கை வைத்ததைத்தான் சொல்கிறேன்.

ஒரு மாதம் எங்கள் அளவெல்லாம் அதிகமாக வந்தது, காற்றில் பாக்டீரியா நிறைய என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் உறுத்தல். காற்றே இழுக்காத வெறும் ஃபில்டரை அலசிப் பார்த்தேன், அதுவும் மைனஸ் 12-லேயே உறைந்தது. அப்புறம் ஃபில்டரே இல்லாமல் அலசும் தண்ணீரை மட்டும் வைத்தேன், அதே கதை. அதே தண்ணீரை அரை மணி நேரம் கொதிநீரில் சூடாக்கிவிட்டு வைத்தால் மைனஸ் 24-க்குப் போய்விட்டது. பாக்டீரியா பனியை உருவாக்குவது ஒரு புரதத்தால், சூட்டில் அந்தப் புரதம் கெடும், தாதுத் தூசி அவ்வளவாகக் கெடாது (சில தாதுக்களும் சூட்டில் மாறும், தெரியும், அதனால்தான் 'அவ்வளவாக' என்றேன்). தண்ணீர் வைத்திருந்த பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பாக்டீரியாதான் வழவழவென்று படிந்திருந்தது. பதினொரு ஃபில்டர் போனது.

அந்த வேலை கட்டுரையாக வந்தபோது என் பெயர் கடைசிப் பக்கத்து நன்றி வரியில் இருந்தது. ஆய்வக உதவியாளர் என்றால் அவ்வளவுதான் என்றார்கள். பிழையைக் கண்டுபிடித்தவனுக்கு ஆசிரியர் வரிசையில் இடமில்லை, பிழையான அளவைப் பார்த்துக் கைதட்டியவர்களுக்கு இருந்தது. இது இன்னமும் வலிக்கிறது.

சரி, நீங்கள் சேரும் இடத்தில் முதல் நாளே தண்ணீர் எதில் வைத்திருக்கிறார்கள், எப்போது பிடித்தது என்று கேளுங்கள்.