‘வந்தால்’ என்பது எந்தக் காலம்?

அன்புள்ள ஐயா,

நான் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சென்ற மாதம் வெளிநாட்டு பையர் ஒருவருக்கு, ‘இஃப் யூ அப்ரூவ்ட் தி சாம்பிள் திஸ் வீக், வீ வுட் ஷிப் ஆன் தி டென்த்’ என்று மெயில் எழுதினேன். ‘வுட்’ போட்டால் பணிவாக இருக்கும் என்று நினைத்தேன். அவரோ, பத்தாம் தேதி அனுப்புவதில் ஏதாவது சந்தேகமா என்று கேட்டுவிட்டார். இனி நடக்கப்போகிற காரியத்துக்கு இறந்தகால வினை எப்படி வருகிறது? ‘ஐ வாஸ்’ என்று படித்துவிட்டு ‘இஃப் ஐ வெர் யூ’ என்று ஏன் சொல்கிறோம்? ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் கண்டிஷனல் அட்டவணையை மனப்பாடம் செய்தும் விளங்கவில்லை.

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

அட்டவணையை ஒதுக்கிவிட்டு, நீங்கள் நாள்தோறும் சொல்லும் ‘வந்தால்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘வந்து’, ‘வந்தான்’ என்பவற்றில் உள்ள அதே இறந்தகால அடியோடு ‘ஆல்’ சேர்ந்திருக்கிறது. ‘நாளை மழை பெய்தால்’ என்கிறோம். மழை இன்னும் பெய்யவில்லை, வினை மட்டும் பெய்து முடித்த கோலத்தில் நிற்கிறது. (‘வரின்’, ‘செயின்’ என்ற பழைய வடிவங்களில் இந்தச் சாயல் இல்லை.) ஆகவே இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய விசித்திரம் அல்ல. தமிழ் எல்லா நிபந்தனைக்கும் அந்த அடியைப் பயன்படுத்துகிறது; ஆங்கிலமோ, இனி நடக்கக்கூடியதை நிகழ்கால வினையால் சொல்லிவிட்டு, ஒன்றை நடப்பிலிருந்து தள்ளி நிறுத்த வேண்டும்போதுதான் இறந்தகாலத்தை எடுக்கிறது. அங்கே அது காலத்தைக் காட்டுவதில்லை, தொலைவைக் காட்டுகிறது.

‘கையில் பணம் இருந்தால் கொடுப்பேன்’ என்று ஒருவர் சொல்கிறார். அவர் இன்னும் பையைத் திறந்து பார்க்கவில்லை என்றால், அது ‘இஃப் ஐ ஹேவ் தி மணி, ஐ வில் கிவ் இட்’. பை காலி என்பது அவருக்கே தெரியும் என்றால், ‘இஃப் ஐ ஹேட் தி மணி, ஐ வுட் கிவ் இட்’. தமிழ் வாக்கியம் இரண்டுக்கும் ஒன்றுதான். வேறுபாட்டைக் குரலிலோ, ‘என்கிட்ட மட்டும் பணம் இருந்தா’ என்று ஒரு ‘மட்டும்’ சேர்த்தோ உணர்த்திவிடுகிறோம். நம்மவர்கள் வழுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நடந்து முடிந்த காரியத்தில் நமக்குச் சிக்கலே இல்லை. ‘அவர் வந்திருந்தால் சொல்லியிருப்பேன்’ என்பதன் ‘இரு’ செய்யும் வேலையை ‘இஃப் ஹி ஹேட் கம், ஐ வுட் ஹேவ் டோல்ட் ஹிம்’ என்பதில் ‘ஹேட்’, ‘ஹேவ்’ இரண்டும் செய்கின்றன. பேச்சில் ‘ஹேட்’, ‘வுட்’ இரண்டுமே ‘ட்’ என்று சுருங்கி ஒரே ஒலியாகிவிடுவதால்தான் ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்று எழுதுகிறவர்கள் பெருகினார்கள் என்பது என் ஊகம். கவனமான எழுத்தில் அது பிழை.

‘வெர்’ பழைய ஆங்கிலத்தின் மிச்சம். ஆசையையும் அனுமானத்தையும் சொல்ல அக்காலத்தில் தனி வினைவடிவம் இருந்தது. ஒருமையில் தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றுக்கும் அது ஒன்றே. மற்ற வினைகளில் அந்த வேறுபாடு தேய்ந்துபோக, இறந்தகாலத்தில் இந்த ஒரு சொல்லில் மட்டும் நிலைத்தது. பேச்சில் இங்கேயும் ‘வாஸ்’ வந்துவிட்டது. ஆனால், ‘இஃப்’ வந்தாலே ‘வெர்’ என்று பிடித்துக்கொள்ளாதீர்கள். ‘நேற்று நான் கடுமையாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள்’ என்பதற்கு ‘இஃப் ஐ வாஸ் ரூட் எஸ்டர்டே, ஐ ஆம் சாரி’ என்பதே சரி. அது அனுமானம் அல்ல, உண்மையான நேற்று.

இனி உங்கள் மெயில். ‘வுட்’ பணிவானது என்று நீங்கள் நினைத்ததில் தவறில்லை. வேண்டுகோளைச் சற்றுத் தள்ளி வைத்தால் அது மரியாதை. வாக்குறுதியைத் தள்ளி வைத்தால் அது சந்தேகம். நீங்கள் இரண்டையும் சேர்த்துத் தள்ளிவிட்டீர்கள். பையர் தேதியைப் பற்றிக் கேட்டது நியாயமே. பணிவை முதல் வாக்கியத்தில் முடித்துவிடுங்கள்: ‘வீ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் அப்ரூவ் தி சாம்பிள் திஸ் வீக்.’ அடுத்ததில் தேதியை உறுதியாகக் கொடுங்கள்: ‘இஃப் யூ அப்ரூவ் இட் பை ஃப்ரைடே, வீ வில் ஷிப் ஆன் தி டென்த்.’