கட்டுப்பல் குத்துகிறதா? அரத்தைக் கீழே வையுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கட்டுப்பல் பற்றியவை. பலரும் வலியைச் சகித்துக்கொண்டே நாட்களை ஓட்டுகிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

கீழ்ப்பல் கட்டி மூன்று கிழமை ஆகிறது டொக்டர். இடப்பக்க முரசில் புண். மகன் அரத்தால் கொஞ்சம் ராவித் தரவா என்று கேட்கிறான். (களுவாஞ்சிக்குடி, வயது 67)

வேண்டாம் ஐயா. மகனின் அக்கறை புரிகிறது, ஆனால் வலிக்கிற இடமும் தேய்க்க வேண்டிய இடமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. வலப்பக்கம் கடி கொஞ்சம் உயர்ந்திருந்தாலும் இடப்பக்கம் புண்ணாகலாம். நாங்கள் உள்ளே ஒரு பசையைத் தடவி, எங்கே அழுத்துகிறது என்று பார்த்து, மயிரிழை அளவுதான் எடுப்போம். கூடுதலாக எடுத்துவிட்டால் பல் ஆடத் தொடங்கும்.

கீழ்ப்பல் எல்லோருக்கும் சிரமம்தான். மேல்பல் அண்ணம் முழுவதிலும் ஒட்டி நிற்கும். கீழே இருப்பதோ லாடம் போன்ற ஒரு வரம்பு மட்டும், அதையும் நாக்கு தள்ளிக்கொண்டே இருக்கும். முதல் மாதத்தில் இரண்டு மூன்று முறை வந்து சரிசெய்துகொள்வது வழமை. அதைத் தொந்தரவு என்று நினைக்காதீர்கள்.

வரும்வரை பல்லைக் கழற்றி வைத்து, ஒரு குவளை இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு நாளைக்கு மூன்று நான்கு தடவை கொப்பளியுங்கள். கஞ்சி, சொதியில் ஊறிய இடியப்பம் போதும். ஆனால் கிளினிக்குக்கு வருவதற்கு முந்தைய நாள் பல்லைப் போட்டிருங்கள். அப்போதுதான் அழுத்தும் இடம் சிவந்து தெரியும்.

ஒன்று முக்கியம். பல்லைக் கழற்றி வைத்தும் இரண்டு கிழமைக்குள் ஆறாத புண்ணைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

உம்மா இரவிலும் பல்லைக் கழற்றமாட்டா. பேரப்பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள் என்ற வெட்கம். அண்ணம் சிவந்திருக்கிறது, வலி இல்லை என்கிறா. (காத்தான்குடி)

அந்த வெட்கத்தை நான் மதிக்கிறேன். பல் இல்லாத முகத்தைக் காட்ட யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் அந்தச் சிவப்பு பெரும்பாலும் கன்டிடா என்ற பூஞ்சைத் தொற்று. வலிக்காது, அதனால்தான் தெரியாமலே வளர்கிறது. ஜப்பானில் 85 வயதும் அதற்கு மேலுமான 524 பேரிடம் செய்து 2015இல் வெளியான ஆய்வில், கட்டுப்பல்லோடு தூங்கியவர்களுக்கு நியூமோனியா வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது.

உம்மாவைக் கட்டாயப்படுத்த வேண்டாம். விளக்கணைத்த பிறகு கழற்றட்டும், எல்லோரும் எழும்ப முன் போட்டுக்கொள்ளட்டும். மூடியுள்ள ஒரு டப்பாவில் தண்ணீர் விட்டுக் கட்டிலருகே வைத்துவிடுங்கள். சிவப்புக்கு மருந்து தருவோம், அதோடு பல்லையும் சுத்தப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பல்லிலிருந்து திரும்ப வாய்க்கு வரும். அப்படியே சீனி வருத்தம் இருக்கிறதா என்று இரத்தத்தையும் பார்த்துவிடுங்கள்.

கொதிதண்ணீரில் போட்டால் கிருமி சாகும்தானே? (வாழைச்சேனை)

கிருமியோடு பல்லின் வடிவமும் போய்விடும். அது அக்ரிலிக், சூட்டில் நெளியும். பற்பசையும் கூடாது, கீறல் விழும், கீறலுக்குள் அழுக்குத் தங்கும். மென்மையான பிரஷ், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, குளிர்ந்த தண்ணீர். கழுவும்போது பேசினுக்குள் ஒரு துவாயை விரித்துவிடுங்கள். கை வழுக்கி விழுந்து உடைந்த பற்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

வெற்றிலைக் கறை போகுதில்லை. (ஆரையம்பதி)

வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரை மணித்தியாலம் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். கம்பியோ உலோகத் தகடோ உள்ள பல்லுக்கு இது ஆகாது.

கறையை விட எனக்கு உங்கள் வாய்தான் பெரிது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். பாக்கு மெல்லுவோரின் கன்னம் நாளடைவில் இறுகி வாய் திறப்பதும் குறையும், பிறகு பல்லை உள்ளே போடவே முடியாது. வாய் திறக்கக் கஷ்டமாக இருந்தாலோ, வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ இந்தக் கிழமையே வந்து காட்டுங்கள்.

பாசிக்குடாவுக்குக் குளிக்கப் போகிறோம். பல்லைக் கழற்றவா?

கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள். தும்மலிலும் இருமலிலும் வாயிலிருந்து போன பல்லைக் கடலில் தேட முடியாது.

பத்து வருடப் பல். இப்போது பேசும்போதே கழன்று விழுகிறது. ஒட்டும் பசை வாங்கவா? (அக்கரைப்பற்று)

பல் சின்னதாகவில்லை அம்மா, அதைத் தாங்கும் தாடை எலும்புதான் தேய்ந்திருக்கிறது. பல் பிடுங்கிய முதல் வருடத்தில் வேகமாகவும், பிறகு மெதுவாகவும் அது தேய்ந்துகொண்டே போகும். பசை ஒரு கலியாண வீட்டுக்குப் போய்வர உதவும், நாள்தோறும் அள்ளிப் பூசுவதற்கல்ல. அதிகம் பூசினால்தான் நிற்கிறது என்றால் பல் பொருந்தவில்லை என்று அர்த்தம். உடைந்தால் சுப்பர் குளூவும் போடாதீர்கள்.

உள்பக்கம் புதிதாக ஒரு படை வார்த்துப் பொருத்த முடியுமா என்று முதலில் பார்க்கலாம். பத்து வருடம் என்பதால் கடிக்கும் பகுதியும் தேய்ந்திருக்கும், புதிதாகக் கட்டுவதே நல்லது என்று நினைக்கிறேன். வரும்போது பழைய பல்லையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். உங்கள் முகத்துக்குப் பழகிய உயரத்தை அதிலிருந்து அளந்துகொள்ளலாம்.