சால்மன் மீனும் திபெத்தும்

கேள்வி: திபெத்தில் சின்னதாக ஏதாவது நடந்தால் போதும், மேற்கத்திய நாடுகள் மனித உரிமை என்று குதிக்கின்றன. சீனா வளர்வது பிடிக்காமல் அமெரிக்கா நடத்தும் நாடகம்தானே இது? தனி நாடு கேட்பவர்களை எந்த அரசுதான் சும்மா விடும்?
(வாசகர் ஒருவர், ஈரோடு)

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தனி நாடு கேட்காத ஒருவருக்கு என்ன நடந்தது என்று பாருங்கள்.

தாஷி வாங்சுக் ஒரு திபெத்தியர்; சீனாவில் திபெத்தியர்கள் வாழும் யூஷூ என்ற ஊரில் கடை வைத்திருந்தவர். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் திபெத்திய மொழியை ஒழுங்காகச் சொல்லித் தருவதில்லை என்பது அவருடைய குறை. நம்மூராக இருந்தால் மேடை போட்டு மைக் பிடித்திருப்பார். அவர் பெய்ஜிங்குக்குப் போய், உள்ளூர் அதிகாரிகள் மேல் வழக்குப் போட முடியுமா என்று வக்கீல் தேடி அலைந்தார். ஒவ்வோர் இனமும் தன் மொழியைப் பயன்படுத்தலாம், வளர்க்கலாம் என்று சீன அரசியல் சட்டத்தின் 4ஆம் பிரிவே சொல்கிறது. அவர் கேட்டது அவ்வளவுதான். அந்த அலைச்சலை 2015இல் ஓர் அமெரிக்க நாளிதழ் காணொளியாக வெளியிட்டது. தனி நாடு கேட்கவில்லை என்று அந்த நாளிதழிடம் தெளிவாகவே சொல்லியிருந்தார். 2016 ஜனவரியில் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தக் காணொளியையே நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டி, பிரிவினையைத் தூண்டினார் என்று 5 ஆண்டு சிறை போட்டார்கள். ஒரு நாள் குறையாமல் அனுபவித்துவிட்டு 2021 ஜனவரியில் வெளியே வந்தார்.

தலாய் லாமாவும் 1988இலேயே ஸ்ட்ராஸ்பர்க்கில், சீனாவோடு சேர்ந்திருந்தபடியே தன்னாட்சி போதும் என்று சொல்லிவிட்டார். 2009 முதல் திபெத்தியப் பகுதிகளில் 150 பேருக்கு மேல் தீக்குளித்திருக்கிறார்கள்; துறவிகள், பள்ளிப் பிள்ளைகள், குழந்தை பெற்ற தாய்மார்கள் எல்லோரும் அதில் உண்டு. ஆகவே அந்த 'சின்னதாக ஏதாவது' என்பதை மட்டும் தயவுசெய்து வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, அமெரிக்க நாடகம். நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. 1950களின் கடைசியில், சீனாவை எதிர்த்துப் போராடிய கிழக்குத் திபெத்தின் காம்பா வீரர்களை அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. கொலராடோ மலைகளுக்குக் கொண்டுபோய்ப் பயிற்சி கொடுத்தது, ஆயுதமும் கொடுத்தது. அப்புறம் அவர்கள் நேபாளத்தின் முஸ்டாங்கில் முகாம் போட்டுக்கொண்டு எல்லை தாண்டித் தாக்கினார்கள். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங் போய் மாவோவோடு கை குலுக்கினார். அந்தக் காலகட்டத்தில் அமெரிக்க உதவியும் நின்றுபோனது. 1974இல் நேபாள ராணுவம் நெருக்கியபோது, சண்டை வேண்டாம், ஆயுதத்தைக் கீழே போடுங்கள் என்று தலாய் லாமா ஒலிநாடாவில் பேசி அனுப்பினார். அவர் குரலைக் கேட்டபின் சண்டை போடவும் முடியாமல், சரணடையவும் மனம் வராமல் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். நாடகம் நடத்தியவர் பாதியில் எழுந்து போய்விட்டார். மேடையில் மாட்டிக்கொண்டவர்கள் செத்தார்கள்.

அதற்குப் பிறகு மேற்கு 'குதித்த' அழகைக் கேளுங்கள். 2008 மார்ச்சில் திபெத்தின் தலைநகர் லாசாவில் துப்பாக்கி வெடித்தபோது, பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவுக்குப் போகாமலும் இருக்கலாம் என்கிற மாதிரி பிரான்ஸ் அதிபர் சர்க்கோசி பேசினார். ஆகஸ்ட் 8ஆம் தேதி முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருந்தார். டிசம்பரில் தலாய் லாமாவைச் சந்தித்தார். அந்தச் சந்திப்புக்காகவே ஐரோப்பிய ஒன்றியத்தோடு நடக்கவிருந்த உச்சி மாநாட்டை சீனா ரத்து செய்தது. அடுத்த ஏப்ரலில், திபெத் சுதந்திரத்தை எந்த வடிவத்திலும் ஆதரிக்க மாட்டோம் என்று பிரான்ஸ் எழுதிக் கொடுத்துவிட்டது.

நார்வே கதை இன்னும் ருசி. 1989இல் தலாய் லாமாவுக்கு நோபல் பரிசு கொடுத்த ஊர் ஆஸ்லோ. 2010இல் சிறையில் இருந்த சீன ஜனநாயகப் போராளி லியூ சியாவ்போவுக்குப் பரிசு கொடுத்ததும் சீனா முகத்தைத் திருப்பிக்கொண்டது. நார்வேயின் சால்மன் மீனுக்குச் சீனச் சந்தையில் கெடுபிடி. 2014இல் பரிசின் வெள்ளிவிழாவுக்குத் தலாய் லாமா ஆஸ்லோவுக்கு வந்தபோது நார்வே பிரதமர் பார்க்க மறுத்துவிட்டார். 2016 டிசம்பரில் சமாதானம். சீனாவின் 'அடிப்படை நலன்களுக்கு' ஊறு செய்யும் எதையும் ஆதரிக்க மாட்டோம் என்று எழுத்தில் ஒப்புதல்.

நம் யோக்கியதையையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். 1959இல் ஐ.நா.வில் திபெத் தீர்மானம் வந்தபோது, தலாய் லாமாவுக்கு இடம் கொடுத்திருந்த இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. 1965இல் ஆதரித்து வாக்களித்தது. இடையில் 1962இல் நாமே அடி வாங்கியிருந்தோம் அல்லவா! 2003இல் வாஜ்பாய் பெய்ஜிங் போனபோது, திபெத் தன்னாட்சிப் பகுதி சீனாவின் பகுதி என்று கையெழுத்தானது.

2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தார். அதற்குச் சில நாள் முன்பே, சென்னையில் படித்தவரான திபெத்திய எழுத்தாளர் டென்சின் சுண்டூவை விழுப்புரம் மாவட்டத்தில் பிடித்து உள்ளே வைத்தார்கள். சென்னையில் படித்துக்கொண்டிருந்த திபெத்திய மாணவர்கள் சிலரையும் முன்கூட்டியே கொண்டுபோனார்கள். ஷி வந்திறங்கிய அன்று, கிண்டியில் அவர் தங்கும் ஓட்டலுக்கு அருகே கொடியோடு கோஷம் போட்ட சில பேரையும் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு அந்த வாரத்து எங்கள் இதழை எடுத்துப் பார்த்தேன். பிரதமரின் வேட்டிக்கும் இளநீருக்கும் நாங்கள் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். கிண்டி விஷயம் 14ஆம் பக்கத்தில், பட்டுப்புடவை விளம்பரத்துக்குக் கீழே, நான்கு வரி.